பழைய செங்கல் ஃபயர்பிளேஸைக் குறைந்த செலவில் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவைச் சுற்றி 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகள் பலவற்றில் குடும்ப அறைக்குள் போனால் ஒரு சுவர் முழுக்கச் செங்கல்லாக நிற்கும். நடுவில் நெருப்பு எரிக்கும் குழி, அதற்குப் பித்தளை விளிம்பு போட்ட கண்ணாடிக் கதவு, மேலே தேன்நிற ஓக் பலகை, கீழே திண்ணை போல ஒரு திட்டு. எங்கள் ஸ்காபுறோ வீட்டில் இருந்ததும் அதுதான். அதை நானும் கணவருமாக ஒரு குளிர்காலத்தில் மாற்றினோம். பிறகு தங்கை வீடு, இரண்டு மச்சாள்மார் வீடு, பக்கத்து வீடு என்று கைகொடுக்கப் போய், இப்போது தெரிந்தவர்கள் யார் வீடு வாங்கினாலும் ஃபயர்பிளேஸ் படம் ஒன்று என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது.

கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். விலைகள் கனடா டொலரில், நாங்கள் வாங்கிய நேரத்துக் கணக்கு. விதிகள் ஒன்ராறியோவுக்கானவை.

அக்கா, உந்தச் செங்கல்லை உடைச்சு எறியிறதோ, இல்லாட்டி மேலாலை ஏதும் பூசுறதோ? எது மலிவு?

உடைக்க வேண்டாம். உடைக்கிற செலவு சுத்தியலோடு முடிவதில்லை. நெருப்புக் குழியின் வாய்க்கு மேலே உள்ள செங்கல் வரிசைகளை ஒரு இரும்புச் சட்டம் தாங்கிக்கொண்டிருக்கும். எதை எடுத்தால் எது சரியும் என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். செங்கல் போன பிறகு பின்னால் இருக்கும் சுவரை மூட வேண்டும், தரையில் திட்டு இருந்த இடத்துக்குப் புதுப் பலகை போட வேண்டும், குப்பையை ஏற்றி அனுப்ப வேண்டும். வீடு முழுக்கச் சிவப்புத் தூசி. ஆயிரக்கணக்கில் போய்விடும்.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான். திட்டில் அடுக்கி வைத்திருக்கும் சாமான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு கிழமை அந்தச் சுவரைச் சும்மா பாருங்கள். கண்ணைக் குத்துவது உண்மையில் செங்கல்தானா? நான் கைவைத்த ஐந்து வீடுகளில் மூன்றில் பிரச்சினை பித்தளைக் கதவும், மேலே இருந்த பலகையும், வாயைச் சுற்றி ஏறியிருந்த கரியும்தான். அந்த மூன்றையும் சரிசெய்ததும் செங்கல் அமைதியாகப் பின்னால் போய்விட்டது.

கையிலை 200 டொலர்தான் கிடக்கு. அதுக்குள்ளை என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். கழுவுவதற்கு 20 டொலர், பித்தளைக் கதவுக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்பிரே இரண்டு போத்தல் 30 டொலர், பலகைக்கு மணல்தாளும் சாயமும் 40 டொலர். மிச்சம் கையில் இருக்கும். இந்த மூன்றுமே பின்னால் மாற்றக்கூடியவை. அதனால் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கதவு வேலையில் பொறுமை வேண்டும். கதவுச் சட்டத்தை உள்ளே இருந்து திருகாணிகள் பிடித்திருக்கும், கழற்றி வெளியே எடுங்கள். பித்தளையின் மினுக்கம் போகும்வரை மெல்லிய மணல்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடிக்கு ரேப்பும் கடதாசியும் ஒட்டுங்கள். ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும். மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள். ஸ்பிரே போத்தலில் 1200 பாகை ஃபாரன்ஹைட் என்று எழுதியிருக்க வேண்டும், அது ஏறக்குறைய 650 பாகை செல்சியஸ். இந்தப் பெயின்ற் முழுதாக இறுகுவது முதல் நெருப்பின் சூட்டில்தான். அன்றைக்குக் கொஞ்சம் புகையும் மணமும் வரும். யன்னலைத் திறந்து வைத்து, சின்ன நெருப்பாகப் போடுங்கள்.

செங்கல்லிலை கரி பிடிச்சுக் கிடக்கு. என்னத்தாலை கழுவுறது?

முதலில் சாம்பல். கடைசி நெருப்புக்குப் பிறகு பல நாள் போயிருந்தாலும் சாம்பலுக்குள் தணல் உயிரோடு இருக்கலாம். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் அல்லாமல் கொங்கிறீற்றில் வையுங்கள். கடதாசிப் பையிலோ பிளாஸ்ரிக் வாளியிலோ போட்டு கராஜுக்குள் வைத்துவிடாதீர்கள். வீடுகள் எரிவது அப்படித்தான்.

அப்புறம் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, தூசியை உறிஞ்சி எடுங்கள். சாதாரண அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் காணும். ஒட்டிப்போன கரிக்கு டி.எஸ்.பி. என்று ஹோம் டிப்போவிலும் கனேடியன் ரயரிலும் கிடைக்கும் தூள் வேண்டும். அது தோலை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழுவ முன் செங்கல்லை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். காய்ந்த செங்கல் கறுப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், நனைந்தது இழுக்காது. கீழிருந்து மேலாகத் தேய்த்தால் வழிகிற தண்ணீர் ஏற்கனவே நனைந்த செங்கல் மேல் ஓடும், கோடு விழாது. நைலோன் பிரஷ் பாவியுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷில் இருந்து உடைந்த துண்டுகள் சாந்துக்குள் இருந்து துருவாக வெளிவரும்.

எங்கள் வீட்டில் ஏழு வாளித் தண்ணீர் மாற்றினோம். முதல் வாளி கோப்பி மாதிரி. ஏழாவதில் தண்ணீர் தெளிந்தபோது, மண்ணிறம் என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்த செங்கல்லுக்குள் இளம் ரோசாவும் சாம்பலும் கலந்து கிடந்தது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அதன் மேல் பெயின்ற் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. உப்பமிலம் என்கிற மூரியாற்றிக் அசிட்டை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அதன் ஆவி நுரையீரலுக்கும் ஆகாது, சாந்தையும் தின்னும்.

பெயின்ற் அடிச்சா நெருப்புப் பிடிக்காதோ?

இடத்தைப் பொறுத்தது. அறைக்குள் தெரியும் வெளிமுகச் செங்கல், ஒழுங்காகப் புகை இழுக்கும் ஃபயர்பிளேஸில், கைவைத்தால் சூடாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குச் சுவருக்கு அடிக்கும் நல்ல அக்ரிலிக் லேடெக்ஸ் பெயின்ற் போதும். விலை கூடிய விசேட பெயின்ற் தேவையில்லை. மினுக்கம் இல்லாத அல்லது மெல்லிய மினுக்கம் உள்ளதை எடுங்கள். செங்கல்லில் பளபளப்பு பிளாஸ்ரிக் போலத் தெரியும்.

நெருப்பு எரியும் குழிக்குள் கதை வேறு. அங்கே மேலே சொன்ன 1200 பாகை தாங்கும் பெயின்ற் மட்டும்தான். சாதாரணப் பெயின்ற் உள்ளே போனால் கருகி, உரிந்து, நச்சுப் புகை தரும். குழியைக் கறுப்பாக்குவது குறைந்த செலவில் பெரிய மாற்றம் தரும் வேலை. உள்ளே ஒரே கறுப்பாக இருந்தால் வெளியே எந்த நிறமும் எடுப்பாக நிற்கும்.

பிறைமர் கட்டாயமோ? பெயின்ற் பேணியிலை ரெண்டும் ஒண்டா இருக்கெண்டு எழுதியிருக்கே.

அந்த எழுத்தை நம்பித்தான் என் தங்கை வீட்டில் பிறைமர் என்கிற அடிப்பூச்சு இல்லாமல் அடித்தோம். இரண்டு கிழமையில் வாய்க்கு மேலே, சரியாகப் புகை தட்டுகிற இடத்தில், தேத்தண்ணீர் சிந்தியது போல மஞ்சள் படர்ந்தது. மேலே இன்னொரு பூச்சு அடித்தோம், அதையும் தாண்டி வந்தது. தண்ணீரில் கரையும் பெயின்ற் கரியின் எண்ணெய்யைக் கிளப்பி மேலே கொண்டு வந்துவிடும். அதைத் தடுப்பது கறை மறைக்கும் பிறைமர், ஷெலாக் என்கிற அரக்கு அல்லது எண்ணெய் கலந்தது.

செலவு மிச்சம் பிடிக்க விரும்பினால் ஷெலாக் பிறைமரை வாயைச் சுற்றியும் அதற்கு மேலேயும் மட்டும் அடித்து, மற்ற இடத்துக்குச் செங்கல், சிமெந்துக்கான சாதாரண பிறைமர் போடலாம். ஷெலாக்கின் ஆவி தீப்பிடிக்கும். காஸ் பைலட் என்கிற சின்னச் சுடர் எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சாந்துக்கோட்டுக்குள் றோலர் போகாது. தடித்த மயிர் றோலரால் உருட்டிவிட்டு, பின்னாலேயே பிரஷ்ஷால் குத்திக்குத்தி நிரப்ப வேண்டும். ஒரு சுவருக்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெயின்ற் போகும், செங்கல் குடிக்கும்.

வைட்வாஷ், லைம்வாஷ், ஜேர்மன் ஸ்மியர் எண்டு வீடியோவிலை சொல்லினம். எல்லாம் வெள்ளைதானே? என்ன வித்தியாசம்?

வெள்ளைதான், ஆனால் மூன்றும் மூன்று சாமான். அமெரிக்க, கனேடிய வீடியோக்களில் இப்போது வைட்வாஷ் என்பது லேடெக்ஸ் பெயின்ற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசி, பழந்துணியால் ஒற்றி எடுப்பது. செங்கல்லின் நிறம் கீழே மங்கலாகத் தெரியும். மூன்றில் மலிவும் இதுதான், ஒரு குவாட் (ஏறக்குறைய ஒரு லீற்றர்) பேணி பெரிய சுவருக்கே காணும். இரண்டடிக்கு இரண்டடியாகச் செய்யுங்கள். ஒருவர் பூச, மற்றவர் உடனே ஒற்ற வேண்டும். தனியாளாகச் செய்தால் ஒரு பக்கம் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும்.

லைம்வாஷ் என்றால் நீற்றின சுண்ணாம்பு. ஊரில் பொங்கலுக்கு முதல் வெள்ளையடித்தோமே, அதேதான். சுண்ணாம்பு காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகுகிறது. பெயின்ற் போலத் தோலாக மேலே நிற்காமல் செங்கல்லோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் உரியாது, செங்கல்லுக்குள் உள்ள ஈரமும் மூச்சு விடும். பூசும்போது தண்ணியாக, ஒன்றுமே பிடிக்காதது போல இருக்கும். பயந்து இன்னும் பூசாதீர்கள், காயக்காயத்தான் வெள்ளை ஏறும். அம்மா ஊரில் மதில் நனைத்துவிட்டு வெள்ளையடித்தது நினைவிருக்கும். இங்கேயும் செங்கல் ஈரமாக இருக்க வேண்டும். ஏற்கனவே பெயின்ற் அடித்த செங்கல்லில் இது பிடிக்காது. கண்ணில் பட்டால் எரித்துவிடும், கண்ணாடி போடுங்கள். கடையில் கலந்து வரும் சில லைம்வாஷை முதல் சில நாட்களுக்குள் தண்ணீரால் கழுவி எடுக்கலாம். அந்த நாட்கணக்கு பேணியிலேயே இருக்கும்.

ஜேர்மன் ஸ்மியர் என்பது வெள்ளைச் சாந்து. ஈரச் செங்கல் மேல் கரண்டியாலோ கையுறை போட்ட கையாலோ அப்பி, பாதியை வழித்துவிடுவார்கள். பழைய கல்வீடு மாதிரி மேடுபள்ளமாக வரும். மிக வடிவு, ஆனால் ஒருமுறை இறுகினால் செங்கல்லோடுதான் போகும். மூன்றில் எனக்குப் பிடித்தது லைம்வாஷ். மச்சாள் வீட்டில் செய்தோம், மாலை வெளிச்சம் பட்டால் இன்றைக்கும் நின்று பார்ப்பேன்.

மனுசி வெள்ளை வேணுமெண்டுறா, எனக்குச் செங்கல்தான் விருப்பம். இப்ப அடிச்சிட்டுப் பிறகு வேண்டாமெண்டா எடுக்கலாமோ?

முழுப் பெயின்ற்றை எடுக்க முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல் துளைகள் நிறைந்தது, உள்ளே போன பெயின்ற் மருந்து போட்டாலும் முழுக்க வராது. மணல் வீச்சால் எடுத்தால் செங்கல்லின் சுட்ட தோலே போய்விடும், உள்ளே இருப்பது மெதுவானது, உதிரும். அதனால் இருவரும் ஒத்துவரும்வரை பெயின்ற் பேணியைத் திறக்காதீர்கள்.

அதுவரைக்கும் பெரிய வெள்ளை மட்டையை வெட்டி ரேப்பால் ஒட்டி ஒரு கிழமை பாருங்கள். காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இருவருக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும் என்றால், மேலே சொன்ன கழுவி எடுக்கக்கூடிய லைம்வாஷை முயன்று பாருங்கள். சில வீடுகளில் செங்கல்லைத் தொடாமல் பக்கத்துச் சுவர்களின் நிறத்தை மட்டும் மாற்றினோம். மஞ்சள் கலந்த கிறீம் சுவருக்குப் பக்கத்தில் செங்கல் செம்மஞ்சளாகத் தெரியும். மெல்லிய சாம்பல் கலந்த வெள்ளைக்குப் பக்கத்தில் அதே செங்கல் அடங்கிவிடும்.

செங்கல்லுக்கு மேலாலை ரைல்ஸ் ஒட்டலாமோ?

ஒட்டலாம், ஆனால் நேரே ஒட்டக்கூடாது. செங்கல் முகம் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கும், சாந்துக்கோடு பள்ளமாக இருக்கும். முதலில் தின்செற் என்னும் சிமெந்துப் பசையைச் சுவர் முழுக்கத் தட்டையாகத் தேய்த்து, அடுத்த நாள் வரை இறுகவிட்டு, அதன் மேல் அதே தின்செற்றால் ரைல்ஸ் ஒட்டுங்கள். வாளியில் கலந்தே வரும் மாஸ்ரிக் பசை சூட்டில் இளகும், இந்த இடத்துக்கு ஆகாது. உரித்து ஒட்டும் ஸ்ரிக்கர் ரைல்ஸும் அப்படித்தான். பெயின்ற் அடித்த செங்கல் என்றால் பெயின்ற்றைத் தேய்த்து எடுக்காமல் ஒட்ட வேண்டாம், ரைல்ஸ் பிடித்திருப்பது பெயின்ற்றைத்தான், செங்கல்லை அல்ல.

ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பூச்சும் ரைல்ஸும் சேர்ந்து முக்கால் அங்குலம் வெளியே வரும், பழைய கண்ணாடிக் கதவு பிறகு அதன் இடத்தில் பொருந்தாமல் போகலாம். ரைல்ஸ் வாங்க முதல் கதவை வைத்து அளந்து பாருங்கள்.

மேலை இருக்கிற பலகையைக் கழட்டிட்டு ஒரு பழைய மரத்துண்டு வைக்க ஆசை. எவ்வளவு உயரத்திலை வைக்கோணும்?

ஆசைக்கும் விதிக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. ஒன்ராறியோ கட்டட விதிப்படி எரியக்கூடிய எதுவும் வாயின் விளிம்பில் இருந்து 150 மில்லிமீற்றருக்குள், அதாவது 6 அங்குலத்துக்குள், இருக்கக்கூடாது. வாய்க்கு மேலே உள்ள பலகை 38 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே நீண்டிருந்தால், வாயின் மேல்விளிம்பில் இருந்து குறைந்தது 300 மில்லிமீற்றர், 12 அங்குலம், உயரத்தில் இருக்க வேண்டும். நல்ல மரக்கட்டை எல்லாமே 38 மில்லிமீற்றரைவிட நீளும், ஆகவே 12 அங்குலம் என்றே மனதில் வையுங்கள். இன்சேட், அதாவது குழிக்குள் பொருத்தும் காஸ் அல்லது மின்சார ஹீற்றர், போட்டிருந்தால் அதன் கையேட்டில் உள்ள அளவுதான் செல்லும்.

மரத்துக்கு, பாவித்த சாமான் விற்கும் ஹபிற்றாற் ரீஸ்ரோர் கடைகளையும் கிஜிஜி விளம்பரத் தளத்தையும் பாருங்கள். ஒன்ராறியோவில் உடைக்கும் பழைய களஞ்சியங்களின் உத்தரங்கள் வரும். வெட்டி வைத்த மிச்சத் துண்டு கேளுங்கள், முழு உத்தரத்தின் விலையில் கால்வாசிக்குத் தருவார்கள். நாங்கள் ஐந்தடித் துண்டு ஒன்றை 80 டொலருக்கு எடுத்தோம். வீட்டுக்குள் கொண்டுவர முன் பூச்சித் துளையும் புதுத் தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆணித்துளையை முடிந்தால் சாந்துக்கோட்டில் போடுங்கள், நாளைக்குக் கழற்றினாலும் சாந்தால் அடைத்துவிடலாம். சாந்து விரலால் சுரண்டவே உதிர்கிறது என்றால் செங்கல்லிலேயே துளைக்க வேண்டும்.

சாமிப்படத்தை உதிலை வைச்சு விளக்குக் கொளுத்தலாமோ? ரீவியும் அதுக்கு மேலை மாட்டலாமோ?

நெருப்புப் போடாத ஃபயர்பிளேஸ் என்றால் அந்தத் திட்டு சாமிக்கு மிக நல்ல இடம். தங்கை வீட்டில் நவராத்திரிக்குக் கொலுப்படி அதில்தான் ஏறுகிறது. விளக்கின் எண்ணெய் சிந்தினால் செங்கல் குடித்துவிடும், கறை போகாது. விளக்குக்குக் கீழே தட்டு வையுங்கள். நெருப்புப் போடுகிற வீட்டில் படச்சட்டமும் மாலையும் பட்டுத் துணியும் வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம்.

ரீவி விஷயத்தில், நெருப்பு நன்றாக எரியும்போது அது வரப்போகும் இடத்தில் ஒரு வெப்பமானியை ஒரு மணித்தியாலம் ஒட்டி வைத்துப் பாருங்கள். ரீவியின் கையேட்டில் தாங்கும் வெப்பநிலை எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் வேண்டாம். தாண்டாவிட்டாலும் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை.

கீழை இருக்கிற திட்டிலை பிள்ளை தலை அடிக்கிறான். அதை இடிச்சு எடுக்கலாமோ?

நெருப்புப் போடுவதாக இருந்தால் முழுக்க எடுக்க முடியாது. வாய்க்கு முன்னால் குறைந்தது 400 மில்லிமீற்றரும், இரண்டு பக்கமும் 200 மில்லிமீற்றரும் எரியாத தளம் இருக்க வேண்டும் என்பது விதி. தெறிக்கும் தணல் விழுவது அங்கேதான். பிள்ளை வளரும்வரை தடித்த நுரை விளிம்பு ஒட்டுங்கள், நெருப்புப் போடும் நாளில் அதைக் கழற்றிவிடுங்கள். நாங்கள் மெத்தை தைத்துப் போட்டோம், நெருப்புப் போடாத மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் சண்டை பிடிக்கும் இருக்கை அதுதான்.

நாங்கள் விறகு எரிக்கிறேல்லை. ஆனா உதுக்குள்ளாலை குளிர்காத்து வருது. என்ன செய்யிறது?

முதலில் சிமினியை மூடித் திறக்கும் டாம்பர் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். குழிக்குள் தலையை நீட்டி மேலே லைட் அடித்தால் ஒரு இரும்புத் தகடு தெரியும். பழைய தகடு வளைந்து, மூடினாலும் விரல் போகும் இடைவெளி இருக்கும். சிமினிக்குள் ஊதிப் பொருத்தும் பலூன் ஒன்று வாங்கி அடைக்கலாம். அது இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி டாம்பர் கைபிடியில் கட்டிவிடுங்கள், ஒருவரும் தெரியாமல் நெருப்பு வைத்துவிடக்கூடாது.

வெறும் குழி வெறிச்சென்று இருக்கிறது என்றால் காய்ந்த பேர்ச் மரக்கட்டைகளை அடுக்கலாம், தடித்த மெழுகுதிரிகள் வைக்கலாம். மெழுகுதிரிக்குக்கூட பலூனை எடுத்து டாம்பரைத் திறந்தால்தான் புகைக்கரி அறைக்குள் வராது.

மின்சார இன்சேட் நல்லதோ, காஸ் நல்லதோ?

200, 300 டொலர் கணக்கில் இருப்பவர்களுக்குக் காஸ் எட்டாது. இன்சேட், சிமினிக்குள் உலோகக் குழாய், காஸ் குழாய் எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கில் போகும். ஒன்ராறியோவில் அதைப் பொருத்துபவர் மாகாணப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யின் சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும், தெரிந்த ஆள் என்று யாரையும் விட வேண்டாம்.

மின்சார இன்சேட் சில நூறு டொலரில் கிடைக்கும், பாவித்தது என்றால் இன்னும் மலிவு. அநேகமானவை 1500 வாற்ஸ், அதாவது 120 வோல்ற்றில் 12.5 அம்பியர். 15 அம்பியர் வயரில் அதோடு வேறு ஒன்றும் ஓடக்கூடாது. நீட்டு வயரில் சொருகவே வேண்டாம். அது ஒரு அறையின் குளிரை முறிக்கும், வீட்டைச் சூடாக்காது. வாங்க முன் குழியின் பின்பக்க அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், குழி பின்னால் போகப்போக ஒடுங்கும். முன்பக்கத்தை மட்டும் அளந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

பெயின்ற் அடிக்க முதலே செங்கல்லிலை வெள்ளைத் தூள் பூக்குது. துடைச்சாலும் திருப்பி வருது.

அது செங்கல்லுக்குள் இருக்கும் உப்பு. தண்ணீர் உள்ளே வந்து, உப்பைக் கரைத்து, முகத்தில் காய்ந்து விட்டுப்போகிறது. தூள் பிரச்சினை இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. மேலே பெயின்ற் அடித்தால் அடுத்த வசந்தத்தில் கொப்பளமாகத் தள்ளிக்கொண்டு வரும்.

காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மழைக்குப் பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சிமினி மூடி இல்லையா, உச்சியில் உள்ள கொங்கிறீற் வெடித்ததா, கூரையும் சிமினியும் சேரும் இடத்துத் தகடு விலகியதா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைத் திருத்தி ஒரு குளிர்காலம் பொறுத்து, தூள் மறுபடி பூக்காவிட்டால் மட்டும் பூச்சு வேலைக்குப் போங்கள்.

செங்கல் மாதிரித்தான் இருக்கு, ஆனா உள்பக்கம் தட்டினா தகரச் சத்தம் கேக்குது. உதுக்கும் உப்பிடியே செய்யலாமோ?

நல்ல வேளை கேட்டீர்கள். அது தொழிற்சாலையில் செய்த இரும்புப் பெட்டி. உள்ளே செங்கல் அச்சுப் போட்ட தகடு, வெளியே அலங்காரத்துக்குச் செங்கல். வாயின் மேலும் கீழும் சீப்புப் போல நீளமான துவாரங்கள் இருக்கும். அவற்றை ரைல்ஸாலோ பெயின்ற்றாலோ பலகையாலோ அடைக்கக்கூடாது. அந்தப் பெட்டி குளிர்வதே அந்தக் காற்றால்தான், அடைத்தால் சுவருக்குள் உள்ள மரம் சூடேறும்.

உள்பக்கத் தகட்டில் பெயர்ப்பலகை ஒன்று இருக்கும், படம் எடுத்து அந்த மொடலின் கையேட்டைத் தேடுங்கள். மேலே விதியில் சொன்ன 6 அங்குலமும் 12 அங்குலமும் செங்கல் கட்டிய ஃபயர்பிளேஸுக்கு. இதற்குக் கையேட்டு அளவுதான். உள்தகடு வெடித்திருந்தால் அதே நிறுவனத்தின் தகடுதான் போட வேண்டும்.

பழைய வீடு, அஸ்பெஸ்ரஸ் இருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு.

நுரையீரலைக் கெடுக்கும் அந்தக் கனிம நார் செங்கல்லிலும் சாந்திலும் பொதுவாக இல்லை. பார்க்க வேண்டியது மற்ற இடங்கள்: காஸில் எரியும் பழைய போலி விறகுக்கட்டைகளுக்குக் கீழே தணல் போலப் பரப்பியிருக்கும் பஞ்சு, குழிக்குப் பின்னால் உள்ள சாம்பல்நிற மட்டை, பக்கத்துச் சுவரின் பழைய பூச்சு. அமெரிக்காவில் 1977இல் அந்தத் தணல் பஞ்சில் அஸ்பெஸ்ரஸைத் தடைசெய்தார்கள். கனடா முழுத்தடை கொண்டு வந்தது 2018இல்தான். பழையது என்றால் தட்டாமல், உறிஞ்சாமல், உடைக்காமல் ஒரு மாதிரித் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடிய ஆளைக் கூப்பிடுங்கள். பலகையிலோ செங்கல்லிலோ பல அடுக்குப் பழைய பெயின்ற் இருந்தால் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி மணல்தாள் போடாதீர்கள்.

நாங்கள் விறகு எரிக்கப் போறம். வடிவாக்கினாக் காணுமோ, வேறை ஏதும் செய்யோணுமோ?

வடிவாக்க முதல் சிமினி பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸுக்கு வெட் (WETT) என்கிற விறகு அடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்றிதழ் உள்ளவரின் பரிசோதனை அறிக்கை கேட்பது இங்கே வழக்கம். அதை முதலே எடுத்துவிட்டால், அவர் சொல்லும் திருத்தம் உங்கள் புதுப் பெயின்ற்றின் மேல் வராது. மச்சாள் வீட்டில் நாங்கள் வரிசை மாற்றிச் செய்தோம். லைம்வாஷ் காய்ந்து ஒரு மாதத்தில் சிமினிக்குள் உடைந்த களிமண் குழாய் தெரியவந்து, மேல்பக்கம் நான்கு வரிசையைத் திருப்பிப் பூச வேண்டி வந்தது.

சிமினிச் சுவரில் கிரியோசோட் என்னும் தார்ப் படிவு 3 மில்லிமீற்றர் தடிப்பு வந்தால் கூட்டித் துப்புரவாக்க வேண்டும். அதுதான் சிமினித் தீயின் விறகு. காபன் மொனொக்சைட் அலாரமும் கட்டாயம். ஃபயர்பிளேஸ் உள்ள வீட்டில் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் சொல்கிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். 40 டொலருக்குள் வாங்கலாம்.

உள்ளுக்குச் செய்த மாதிரி வெளியாலை சிமினிக்கும் பெயின்ற் அடிச்சா என்ன?

வேண்டாம். அறைக்குள் இருக்கும் செங்கல் மழையும் பனியும் காண்பதில்லை. வெளிச் சிமினி நனைந்து, உறைந்து, உருகி, மறுபடி உறைகிறது. பெயின்ற் தோல் ஈரத்தை உள்ளே பூட்டிவிட்டால், உறையும்போது விரிந்து செங்கல்லின் முகத்தைத் தட்டுத்தட்டாக உடைத்துத் தள்ளும். எங்கள் தெருவில் கறுப்படித்த சிமினி ஒன்றுக்குக் கீழே வசந்தத்தில் செங்கல் ஓடுகள் புல்லில் கிடக்கும். வெளியே பூசித்தான் ஆக வேண்டும் என்றால், செங்கல்லுக்கு முன்பு பெயின்ற் அடித்திராத பட்சத்தில், வெளிப்புறத்துக்கான லைம்வாஷ். ஆனால் அதற்கு முதல் உச்சியில் மூடி இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.